விடைத்தாளின் முகப்பில் பெயர் வேண்டாம்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் அரையாண்டுத் தேர்விலிருந்து மேல்நிலை வகுப்புகளுக்கு, விடைத்தாளில் பெயருக்குப் பதிலாக எண்ணை மட்டும் எழுதும் குறியீட்டு எண் முறை கைவிடப்படும் என்றும், விடைத்தாளின் முகப்பில் மாணவர் பெயர், தந்தை பெயர், பிரிவு, உதவித்தொகை வகை ஆகியவை எழுதப்பட வேண்டும் என்றும், அந்த மதிப்பெண்களைக் கொண்டு ஜனவரியில் பிரிவுகள் மாற்றியமைக்கப்படும் என்றும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். நான் இப்போது பள்ளியின் ஊழியர் அல்ல. 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்துவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவள். ஆனால் அந்தக் குறியீட்டு எண் முறையைக் கேட்டுப் பெற்றவள் நான். அதை ஏன் கேட்டேன் என்பது உங்கள் கோப்புகள் எதிலும் இல்லை, ஏனென்றால் வெட்கத்தால் அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. ‘நிர்வாக வசதிக்காக’ என்று ஒரு பொய்க் காரணத்தை எழுதினேன். இப்போது உண்மைக் காரணத்தை எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

ஆசிரியர்களின் நேர்மையில் நிர்வாகத்துக்கு முழு நம்பிக்கை இருப்பதால் பெயரை மறைப்பது தேவையற்றது என்று சுற்றறிக்கை சொல்கிறது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வாக்கியம்தான். ஆனால் நேர்மை என்பது நாம் அறிந்து செய்கிற காரியங்களுக்கு உரிய குணம். அறியாமல் செய்கிறவற்றின்மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. திருத்துகிறவருடைய சிவப்புப் பேனாவை அவருடைய அறிந்த மனம் மட்டும் பிடித்திருப்பதில்லை.

2009ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். கூடுதல் தாள் கட்டும் நூல் அன்று தீர்ந்துபோயிருந்தது. அறை மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் தாள்களை அப்படியே வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, நூல் வந்த பிறகு உட்கார்ந்து கட்டினார். முன்னும் பின்னுமாக அமர்ந்து எழுதிய இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளின் கடைசித் தாள்கள் அப்போது இடம் மாறிவிட்டன. ஒருத்தி, தமிழில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண். மற்றவன், ரயில் பாதைக்கு அப்பால் உள்ள காலனியிலிருந்து வருகிற பையன். அவனுடைய அப்பா துப்புரவுப் பணியாளர். பத்து மதிப்பெண் கட்டுரை அந்தக் கடைசித் தாள்களில்தான் இருந்தது. ஆக, அவள் எழுதிய கட்டுரையை அவன் பெயரிலும், அவன் எழுதியதை அவள் பெயரிலும் நான் திருத்தினேன். அவன் பெயர் போட்ட கட்டுரைக்கு 4 கொடுத்தேன். அவள் பெயர் போட்டதற்கு 8.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் என் மேசைக்கு வந்து, “டீச்சர், கடைசி ரெண்டு தாளு என்னோடது இல்ல” என்றான். பணிவாகத்தான் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்கள்லாம் மார்க் கொறஞ்சா இப்படித்தான் ஏதாவது சொல்லுவீங்க, போய் உக்காரு” என்றேன். அவன் போய் உட்கார்ந்தான்.

அந்த வாக்கியத்தை நான் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதமாக ‘நீ’ என்று கூப்பிட்டுவந்த ஒரு பையனிடம் ‘நீங்கள்லாம்’ என்ற பன்மை எங்கிருந்து வந்தது? மரியாதைப் பன்மை அல்ல என்பது அடுத்து வந்த ‘உக்காரு’வில் தெரிகிறது. அவனோடு சேர்த்து நான் யார் யாரை எண்ணிக்கொண்டேன்? தமிழாசிரியை ஒருத்தியின் வாயில் ஒருமையும் பன்மையும் காரணமில்லாமல் மயங்காது. வாய்தவறி வருகிற சொற்களில் நாம் மறைத்து வைத்திருப்பது எட்டிப் பார்க்கும் என்று உளப்பகுப்பாய்வு அறிஞர் சிக்மண்ட் பிராய்ட் 1901இலேயே எழுதினார். வாய்தவறல்கள் எல்லாவற்றுக்கும் அப்படிப் பொருள் சொல்ல முடியாது என்பதே இன்றைய உளவியலாளர்கள் பலரின் கருத்து. ஆனால் என்னுடைய இந்த ஒன்றுக்கு எனக்குப் பொருள் தெரியும்.

மாலையில் இரண்டு தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். வகுப்பிலேயே எடுத்துக் காட்டிப் பாராட்டியிருக்கிறேன். அவனுடைய எழுத்து இடப்பக்கம் சாயும், ‘ழ’வின் வால் அடுத்த வரியைத் தொடும். இந்த இரண்டு கையெழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடிய நான், தாளில் பார்த்தபோது காணவில்லை. முகப்பில் இருந்த பெயரைப் பார்த்த பிறகு கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. அதைவிட மோசம், ஓரத்தில் நான் எழுதியிருந்த குறிப்புகள். பையனின் சொந்தக் கட்டுரை ஓரத்தில், அது அவள் பெயரில் இருந்ததால், ‘அருமை’ என்று இருந்தது. அவளுடைய கட்டுரையின் ஓரத்தில், அது அவன் பெயரில் இருந்ததால், ‘கருத்துகள் கோவையாக இல்லை’ என்று இருந்தது. அந்தக் கட்டுரை கோவையாகத்தான் இருந்தது. அப்படியானால் 4 என்ற தீர்ப்பு முதலில் வந்திருக்கிறது. அதற்கான காரணத்தை என் மனம் பிறகு தேடிக் கண்டுபிடித்து, அதுதான் முதலில் வந்ததென்று என்னையே நம்ப வைத்திருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்: இந்த அம்மாளுக்குச் சாதிப் புத்தி, நம் ஆசிரியர்கள் அப்படியல்ல. அந்த முடிவைச் சற்று ஒத்திவையுங்கள். நானும் அதே போன்ற ஒரு தெருவில் பிறந்தவள். என் அப்பாவும் அவன் அப்பா செய்த வேலையைத்தான் செய்தார். ஐந்தாம் வகுப்பில் என் நோட்டை மட்டும் மேசையிலிருந்து விரல் நுனியால் தள்ளிவிடுவார் ஆசிரியர். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ‘உங்க எழுத்து இவ்வளவுதான்’ என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேனோ என்னவோ. சொல்லாமலே அது எனக்குள் போய்விட்டது, முப்பது ஆண்டுகள் கழித்து என் பேனா வழியாக என் தெருப் பிள்ளையின்மேல் இறங்கியது.

இது என் ஒருத்தியின் கோணல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பரிசுத் தேர்வு ஒன்றை நடத்தி, அந்த விடைத்தாள்களின் முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று இருந்த தாள்களுக்குக் கொஞ்சம் குறைவாக மதிப்பெண் விழுந்தது. சராசரியில் கொஞ்சம்தான். ஆண், பெண் என்ற குறிப்பால் அப்படி வேறுபாடு தென்படவில்லை. நான் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நடந்த இடம் அடுத்தது: அந்த வேறுபாடு பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் திருத்திய தாள்களில்தான் இருந்தது. திருத்தத் தொடங்கியபோது கையில் எடுத்த முதல் சில தாள்களில் அது கூடுதலாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். மனத்தில் அளவுகோல் இன்னும் நிலைபெறாத நேரம் அது. கையில் பிடிப்பு இல்லாதபோது எந்த முன்முடிவு அருகில் கிடக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது மனம்.

சென்ற ஆண்டு நம் பள்ளியில், ஆழ்மன ஆற்றலால் அதிக மதிப்பெண் பெறுவது எப்படி என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து பேச்சாளர் ஒருவரை வரவழைத்தீர்கள். கண்ணை மூடச் சொல்லி, மதிப்பெண் பட்டியலைக் கற்பனை செய்யச் சொன்னார். நானும் பின்வரிசையில் இருந்தேன். ஆழ்மனம் உண்மையில் மதிப்பெண்ணை மாற்றுகிறது என்பதில் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது பிள்ளைகளின் ஆழ்மனம் என்று மட்டும் அவர் நினைத்துவிட்டார்.

நனவிலி மனம், அதாவது நாம் அறியாமலே இயங்கும் மனம், பூட்டிய நிலவறை போல எங்கோ ஆழத்தில் இருப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். நான் பார்த்தவரையில் அது மேலேயே, கையிலும் காலிலும் நாக்கிலும் இருக்கிறது. தாளாளர் ஐயாவின் கார் வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதும் ஓய்வறையில் நாற்காலிகள் நகருமே, எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுத்து எழுவதில்லை. முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் நாற்காலி காலியாக இருந்தாலும் நான் நின்றுகொண்டே இருப்பேன். உட்காருங்கள் என்று சொன்னால் அதன் விளிம்பில் உட்காருவேன். எனக்கு அச்சம் இல்லை என்று என் அறிவு சொல்லும், என் முதுகு அதைக் கேட்காது. அறிந்துகொண்டால் இது போய்விடும் என்று சொல்பவர்கள், அறிந்துகொண்ட பிறகு என்ன நடந்தது என்று என்னைக் கேளுங்கள்.

கேட்காமலே சொல்கிறேன். 2010 காலாண்டுத் தேர்வில், இந்த முறை தவறவே கூடாது என்ற வைராக்கியத்தோடு உட்கார்ந்து விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்தினேன். தாளில் எதுவும் எழுதாமல், மதிப்பெண்களைத் தனியே ஒரு பட்டியலில் குறித்தேன். பிறகு என் கணவர் முகப்புகளை மடித்துப் பின்போட்டு, தாள்களைக் கலைத்து அடுக்கிக் கொடுத்தார். சில நாள் இடைவெளி விட்டு, பெயர் தெரியாமல் மறுபடி திருத்தினேன். பெரும்பாலான தாள்களில் ஒன்றிரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம். ஒரே ஆள் இரண்டு முறை திருத்தினால் அந்த அளவு மாறத்தான் செய்யும். ஆனால் அந்த வித்தியாசம் சாய்ந்த பக்கம் ஒன்றாகவே இருந்தது. பெயர் மறைந்ததும் ஏறியவர்கள் யார் யார் என்று பார்த்தபோது, அந்தப் பட்டியலை மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை. இறங்கியவர்களில் சக ஆசிரியரின் மகன் ஒருவன் இருந்தான். எல்லாம் தெரிந்து, விழிப்போடு, நடுநிலை தவறக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு திருத்திய கட்டு அது. ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடத்திச் சரிசெய்துவிடலாம் என்று நீங்கள் நினைத்தால், என் அனுபவத்தில் அது போதாது. கண்ணுக்குப் பெயர் தெரியாமல் இருந்தது ஒன்றுதான் எனக்கு வேலை செய்தது.

பொதுத்தேர்வில் அரசு இதைத்தான் செய்கிறது. விடைத்தாள் திருத்தும் மையத்தில் நம் கைக்கு வருகிற தாளில் பிள்ளையின் பெயர் இருப்பதில்லை. 31 ஆண்டுகளில் அந்த முகாம்களுக்குப் போன எந்த ஆசிரியரும், என் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. பள்ளிக்குள் மட்டும் அது எப்படி அவமானமாகும்?

பள்ளித் தேர்வுதானே, இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும். மேல்நிலை வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு, அதில் ஒரு பங்கு பள்ளித் தேர்வுகளிலிருந்து வருகிறது. கல்லூரிச் சேர்க்கையில் அரை மதிப்பெண்ணுக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் அதைவிடப் பெரிதாகக் கருதுவது, இந்த மதிப்பெண்ணை வைத்து நீங்கள் செய்யப்போகும் பிரிவு மாற்றத்தை. மதிப்பெண் வாரியாக ஏ முதல் டி வரை பிரித்துவிட்டால், டி பிரிவுக் கதவைத் தாண்டும்போதே ஆசிரியரின் குரல் மாறும். மாற்றக்கூடாது என்று நினைத்தாலும் மாறும். உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும் பள்ளி முதல்வர் லெனோர் ஜேக்கப்சனும் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் செய்த சோதனையை 1968இல் வெளியிட்டார்கள். குலுக்கிப்போட்டு எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் சிறு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். விளைவின் அளவு பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. வாதத்துக்கு இடமில்லாத சிறிய விஷயம் ஒன்றை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக ஒரே ஒரு நொடி. நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் கருதும் பிள்ளைக்கு இன்னும் சற்று நேரம் கிடைக்கிறது, மந்தம் என்று கருதும் பிள்ளைக்கு அதுவும் குறைகிறது. இதை எழுதும்போது எனக்கு என் வகுப்பறைகள் கண்ணில் வருகின்றன. “ம்ம்... சொல்லு, சொல்லு, வருது” என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். “சரி, அடுத்தவன்” என்று சிலரிடம். யாரிடம் எதைச் சொல்வது என்று நான் ஒருநாளும் திட்டமிட்டதில்லை.

உதவித்தொகை வகையை முகப்பில் எழுதச் சொல்வதை எந்தக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. கணினியில் ஏற்றுவதற்கு வசதி என்கிறது சுற்றறிக்கை. அந்தக் கட்டத்தில் ஒரு பிள்ளை எழுதப்போவது தன் சாதியை. அதையும் தேர்வு தொடங்கும் முதல் நிமிடத்தில், வினாத்தாளைப் பிரிப்பதற்கு முன்பே. பொருளியலாளர்களான கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்துப் பார்த்து, 2006இல் எழுதினார்கள். சாதியைக் குறிப்பிடாதபோது தாழ்த்தப்பட்ட பையன்கள் மற்றவர்களுக்கு இணையாகப் புதிர்களை முடித்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் சொல்லிவிட்டுத் தொடங்கியபோது அவர்கள் முடித்த எண்ணிக்கை இறங்கியது. அந்தப் பையன்களின் மூளை சில நிமிடங்களில் மாறிவிடவில்லை. ‘உன்னை நாங்கள் எங்கே வைத்திருக்கிறோம் தெரியுமல்லவா’ என்று யாரோ சொன்னதுபோல உள்ளுக்குள் ஏதோ சுருங்கிக்கொண்டது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனைச் சாதிக் காழ்ப்பில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக்கூடாது என்றும், வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. வருகைப் பதிவேட்டில் இருக்கக்கூடாதென்று ஒரு குழு சொன்னதை, நீங்கள் விடைத்தாளின் நெற்றியில் எழுதச் சொல்கிறீர்கள்.

குறியீட்டு எண் முறையில் குறைகள் இல்லாமலில்லை. பிள்ளைகளின் கையெழுத்து ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், அதிலும் மொழிப்பாடத்தில். எண்ணைப் பெயரோடு ஒப்பிட்டுப் பதிய அலுவலகத்துக்கு இரண்டு நாள் கூடுதலாகிறது என்று எழுத்தர் குறைப்பட்டுக்கொள்வதும் நியாயம். முதல் குறைக்கு வழி, ஒரு பிரிவின் தாள்களை அந்தப் பிரிவுக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர் திருத்துவது. ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் திருத்தாமல், முதல் கேள்வியை எல்லாத் தாள்களிலும், பிறகு இரண்டாவது கேள்வியை எல்லாத் தாள்களிலும் என்று திருத்துவதும் உதவும். ஒரு நல்ல குணத்தைப் பார்த்ததும் அந்த ஆளிடம் உள்ள மற்றவையும் நல்லவையாகவே தோன்றிவிடும் என்பதை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளை வைத்துக் காட்டினார். முதல் விடை பிரமாதமாக இருந்துவிட்டால் நாலாவது விடையின் ஓட்டை நம் கண்ணில் படாமல் போவதும் அந்த வகைதான். நான் ஓய்வுபெறும்வரை இப்படித்தான் திருத்தினேன். நேரம் பிடிக்கும், முதுகு வலிக்கும். இரண்டு நாள் தாமதத்துக்கு என்னிடம் வழியில்லை. தாமதமாகட்டும்.

ஆகவே நான் கேட்பது: சுற்றறிக்கையில் குறியீட்டு எண் முறையை நீக்கும் பகுதியை அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன் எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். உதவித்தொகை வகையும் தந்தை பெயரும் எந்தத் தேர்வின் விடைத்தாளிலும் இடம்பெறக்கூடாது. அந்த விவரங்கள் தேவைப்பட்டால் அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், வகுப்பில் அந்தப் பட்டியலை வாசிக்கும் வழக்கமும் இத்தோடு நிற்க வேண்டும். மதிப்பெண் வாரியான பிரிவு மாற்றத்தைக் கைவிட்டு, இப்போதுள்ள கலப்புப் பிரிவுகளை ஆண்டு முடியும்வரை தொடருங்கள். ஒவ்வொரு தேர்விலும் ஒரு சிறு கட்டையாவது இரண்டாவது ஆசிரியர் ஒருவர் பெயரும் முதல் மதிப்பெண்ணும் தெரியாமல் மறுபடி திருத்த வேண்டும். இரண்டும் எங்கே, எந்தப் பக்கம் விலகுகின்றன என்பதைக் கல்விக்குழு பார்க்க வேண்டும். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல. தண்டனை என்று வந்தால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். குழுவின் அடுத்த கூட்டத்தில் நேரில் வந்து பேச எனக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 2009இன் அந்த இரண்டு தாள்களின் நகலும் என்னிடம் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.

குறியீட்டு எண் பதிவேடு தேர்வு அறையில் இரும்பு அலமாரியின் இரண்டாவது தட்டில், பச்சை அட்டை போட்டு இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கான பக்கங்களுக்குக் கோடு போட்டு வைத்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைத் தமிழாசிரியை